மார்ப்பதக்கத்தில் மரகதம் எத்தனையாவது கல்லு?

சுண்டிக்குளிப் பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு பாடசாலைக் கண்காட்சிக்கு ஆரோனின்ரை மார்ப்பதக்கம் (பிரதான ஆசாரியன் நெஞ்சில போட்ட, பன்னிரண்டு கோத்திரத்துக்குப் பன்னிரண்டு கல்லுப் பதிச்ச துணி) ஒண்டு உண்மையான அளவில செய்யப் போறம். கல்லுக்கு வந்த உடனேயே சிக்கல். எங்கட வீடுகளில இருக்கிற பழைய மொழிபெயர்ப்பில யாத்திராகமம் 28:18 படி மரகதம் இரண்டாம் பத்தியின்ரை முதல் கல்லு, அதாவது நாலாவது. ஆங்கிலத்தில என்ஆர்எஸ்வி எண்ட மொழிபெயர்ப்பு அதை மூண்டாவதா வைக்குது. என்ஐவி எண்ட இன்னொரு மொழிபெயர்ப்பு ஆறாவதில வைக்குது. ஒரே வசனம், ஒரே பச்சைக்கல்லு, மூண்டு குழி. எதை நம்பி ஒட்டுறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஏட்டுச்சுவடி

முதலில் எபிரேயப் பெயர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள் பிள்ளை, பாதிக் குழப்பம் அதோடு தீரும். முதல் பத்தி ஓதெம், பித்தா, பாரெக்கெத். இரண்டாம் பத்தி நோபெக், சப்பீர், யஹலோம். நீங்கள் கேட்கிற மூன்றாவது பாரெக்கெத், நாலாவது நோபெக், ஆறாவது யஹலோம்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தோராவை (மோசேயின் ஐந்து ஆகமங்களை) கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பாரெக்கெத்துக்கு ‘ஸ்மாரக்தொஸ்’ என்று எழுதினார்கள். அது பச்சைக்கல். நோபெக்குக்கு ‘அந்த்ராக்ஸ்’ என்றார்கள். அந்தச் சொல்லுக்கு நெருப்புத்தணல் என்று பொருள், ஆகவே சிவப்புக்கல். முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பசும், எரோனிமின் இலத்தீன் வேதமும், லூத்தரின் ஜெர்மன் வேதமும் பச்சையை மூன்றாவதாகவே வைக்கின்றன. 1560இன் ஜெனீவா வேதத்திலும் 1611இன் ஜேம்ஸ் அரசன் வேதத்திலும் இரண்டும் இடம் மாறுகின்றன. மூன்றாவது சிவப்பு, நாலாவது பச்சை. எங்கள் தமிழ் வரிசையும் அதே ஒழுங்குதான்: ‘பத்மராகமும் புஷ்பராகமும் மாணிக்கமும்’, அடுத்து ‘மரகதமும் இந்திரநீலமும் வச்சிரமும்’.

என்ஆர்எஸ்வி கிரேக்கத்தின் பக்கம் திரும்பி மூன்றாவதைப் பச்சை ஆக்கியது. என்ஐவி நாலாவதை டர்க்குவாய்ஸ் (நீலப்பச்சைக் கல்) ஆக்கிவிட்டு, பழைய வேதங்களில் வைரம் இருந்த ஆறாம் குழிக்குள் மரகதத்தைக் கொண்டுபோனது. மூன்று குழி வந்த வழி இதுதான்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் தன் கணக்கில் பிசகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எசேக்கியேல் 28:13இல் தீருவின் ராஜாவுக்குச் சொன்ன ஒன்பது கற்களில் கடைசி இரண்டும் எபிரேயத்தில் நோபெக், பாரெக்கெத். தமிழில் ‘மரகதம், மாணிக்கம்’ என்றே வருகிறது. (ஒன்பது என்றதும் நவரத்தினம் என்று பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. கிரேக்கப் பிரதியில் அதே இடத்தில் பன்னிரண்டு கல்.)

கல்லுப்பட்டறை

புத்தகக்காரர் பேரைப் பார்க்கினம், நாங்கள் கல்லைப் பாப்பம். வசனம் 21 என்ன சொல்லுது? ஒவ்வொரு கல்லிலையும் ஒரு கோத்திரப் பேரை ‘முத்திரை வெட்டாய்’ வெட்டவேணும். அப்ப அந்தக் காலத்து ஆயுதத்துக்கு விட்டுக்குடுக்கிற கல்லா இருக்கவேணும். செப்புத் துளைகருவி, வில்லால சுத்துறது, அதுக்குக் கீழ மணல் இல்லாட்டி குருந்தப் பொடி. (குருந்தம் எண்ட எங்கட சொல்லுத்தான் ஆங்கிலத்தில கொரண்டம் ஆனது.)

கல்லின்ரை கடினத்தைச் சொல்லுற மோஸ் அளவில வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, மரகதம் 7.5 முதல் 8. படிகம் (குவார்ட்ஸ்) 7, யஸ்பி 6.5 முதல் 7, அமசோனைட் எண்ட பச்சைக்கல்லு 6 முதல் 6.5, டர்க்குவாய்ஸ் 5 முதல் 6, மலகைட் 3.5 முதல் 4. மணல் எண்டது படிகம், அதால 7க்கு மேல வெட்ட ஏலாது. எழுத்து வெட்டின வைரம் எண்ட கதையே அடிபட்டுப் போச்சு. மரகதத்தைக் குருந்தப் பொடியால வெட்டலாம், ஆனா அதின்ரை சிக்கல் வேறை. உள்ளுக்கு வெடிப்பும் இழையும் நிறைஞ்ச கல்லு. எழுத்தின்ரை மூலை ஒண்டு உள்வெடிப்பில முட்டினா கல்லு சிம்பு சிம்பாப் பெயரும்.

அளவையும் போட்டுப் பாருங்கோ. பதக்கம் ஒரு சாண் சதுரம், ஏறத்தாழ 23 செ.மீ. பேர் வாசிக்கக்கூடியதா இருக்க 4 × 3 செ.மீ நீள்வட்டம், அரை செ.மீ தடிப்பு எண்டு வைப்பம். 4.7 கன செ.மீ. மரகதத்தின்ரை அடர்த்தி 2.7. அப்ப 12.7 கிராம், கிட்டத்தட்ட 63 கரட். எகிப்தில எடுத்த மரகதம் பெரும்பாலும் சின்னன், கலங்கல். அறுகோணப் படிகத்தை அப்பிடியே துளைச்சு மணியாக் கோத்தவை. வெட்டுக்கு நிக்கிற 63 கரட் துண்டு அதுக்குள்ள தேடுறது கஷ்டம்.

ஏட்டுச்சுவடி

பட்டறை அண்ணை சொன்னதற்கு வரலாறும் துணை நிற்கிறது. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் சிக்காயித், சபாரா சுரங்கங்கள் பெருமளவில் வேலை செய்தது எகிப்தை ஆண்ட கிரேக்கத் தொலமி மன்னர் காலத்திலும் அதன்பின் உரோமர் காலத்திலும். யாத்திராகமம் சொல்லும் காலத்துக்கு அது மிகப் பிந்தியது. யாத்திராகமம் நடக்கிற சீனாய்த் தீபகற்பத்தில் செராபித் எல் காதிமில் எகிப்தியர் டர்க்குவாய்ஸ் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ம்ஃப்க்த்’. நோபெக் என்பது இந்தச் சொல்லே என்று பல அறிஞர் கொள்கிறார்கள். அதனால்தான் புதிய மொழிபெயர்ப்புகளில் நாலாவது கல் டர்க்குவாய்ஸ்.

இதில் இன்னொன்று. கிரேக்க ‘ஸ்மாரக்தொஸ்’ ஒரு தனிக் கல்லின் பெயர் அல்ல. முதலாம் நூற்றாண்டு உரோம எழுத்தாளன் பிளினி தன் 37ஆம் புத்தகத்தில் அதற்குப் பன்னிரண்டு வகை சொல்கிறான், அவற்றுள் செப்புச் சுரங்கத்தில் கிடைப்பவையும் அடக்கம். பச்சையாய் இருந்தால் ஸ்மாரக்தொஸ், அவ்வளவுதான். எஸ்தர் 1:6இல் அகாஸ்வேருவின் அரண்மனைத் தளத்தையே கிரேக்கப் பிரதி ‘ஸ்மாரக்தீத்தெஸ்’ கல் என்கிறது. மரகதத்தால் யாரும் தளம் போடமாட்டார்கள்.

கொழும்புத்துறையான்

அப்ப இரண்டாவது கல்லு புஷ்பராகம் எண்டதாவது சரியோ? மஞ்சள் கல்லெண்டு கண்ணை மூடிக்கொண்டு ஒட்டலாமோ?

கல்லுப்பட்டறை

அதிலையும் கவனம் தம்பி. பித்தா எண்டதுக்குக் கிரேக்கம் ‘தொப்பாசியொன்’ எண்டு போட்டிது. அந்தப் பேர் செங்கடல் தீவொண்டில இருந்து வந்தது. இப்ப அந்தத் தீவுக்குச் சபர்ஜத் எண்டு பேர். அங்க எடுக்கிறது பெரிடொட், நல்ல எண்ணெய்ப் பச்சை. இண்டைக்கு நாங்கள் புஷ்பராகம் எண்டு சொல்லுற மஞ்சள் கல்லு பழைய ஆக்களின்ரை தொப்பாசியொன் அல்ல. யோபு 28:19இல் ‘எத்தியோப்பியாவின் புஷ்பராகம்’ எண்டு வாறதும் இந்தப் பித்தாதான். செங்கடல் பக்கத்துச் சரக்கெண்டா இடமும் பொருந்துது.

பெரிடொட் 6.5 முதல் 7. பேர் வெட்ட வசதியான கல்லு.

ஏட்டுச்சுவடி

யூத மரபும் அண்ணையின் பக்கம். எண்ணாகமத்துக்கு எழுந்த மித்ராஷ் (யூதரின் பழைய வேத விளக்கம்) ஒவ்வொரு கோத்திரக் கொடிக்கும் அதன் கல்லின் நிறம் சொல்கிறது. ரூபனுக்கு ஓதெம், சிவப்பு. சிமியோனுக்குப் பித்தா, பச்சை. லேவிக்குப் பாரெக்கெத், வெள்ளையும் கறுப்பும் சிவப்பும் மூன்றிலொரு பங்காக. யூதாவுக்கு நோபெக், வான்நிறம். ஆகவே அந்தக் கணக்கில் பச்சை இரண்டாம் குழி, நாலாவது டர்க்குவாய்ஸுக்குக் கிட்ட. உங்கள் மூன்று குழி நாலாகிவிட்டது.

தோளில் வைத்த இரண்டு கல்லையும் மறக்கவேண்டாம். 28:9இல் தமிழ் ‘கோமேதகக் கற்கள்’ என்கிறது, எபிரேயம் ஷோஹாம். கிரேக்கம் அந்த இடத்தில் ஸ்மாரக்தொஸ் என்றே எழுதியிருக்கிறது.

வண்ணை வாசகன்

இவ்வளவு நேரம் எபிரேயமும் கிரேக்கமும் கேட்டோம். ‘மரகதம்’ என்ற சொல்லை ஒருவரும் தொடவில்லை, எனக்கு அதிசயமாக இருக்கிறது.

தமிழில் இது வடசொல் ‘மரகத’வின் வழி வந்தது. அந்த வடசொல்லும் கிரேக்க ‘ஸ்மாரக்தொஸ்’ஸும் ஒரே செமித்திய வேரிலிருந்து பிரிந்தவை என்பதே சொல்லாய்வாளர் பெரும்பாலோர் கொள்கை. அந்த வேர் ப-ர-க், மின்னுதல். எபிரேயத்தில் அதே வேரில் பிறந்த கல்லின் பெயர் பாரெக்கெத். எங்கள் வேதத்தில் பாரெக்கெத் வருகிற குழியில் இருப்பது மாணிக்கம். அதன் உடன்பிறந்த சொல்லான மரகதம் பக்கத்துக் குழியில், நோபெக்கின் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் மாற்றியிருப்பாரோ என்று நினைத்துச் சிரிக்கத்தான் முடியும்.

புராணங்களுக்கு வந்தால் கதை வேறு. வலன் என்ற அசுரன் உடம்பே நவமணியானது என்பது கருட புராணம். திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்திலும் வலன் கதை வரும், யாழ்ப்பாணத்துப் புராணபடனம் கேட்டவர்களுக்குப் பழக்கமானது. கருட புராணத்தின்படி வலனின் பித்தத்தை வாசுகி கவ்விக்கொண்டு போக, கருடன் எதிர்க்க, வாயிலிருந்து நழுவிய பித்தம் விழுந்த இடத்தில் மரகதம் பிறந்தது. கருடப்பச்சை என்ற பெயர் அதன் எச்சம். பாம்பு விஷத்துக்கு மரகதம் மாற்று என்ற நம்பிக்கையும் இந்தக் கதையோடு சேர்ந்தது.

கல்லின் குற்றத்துக்குச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை. மதுரைக் கடைத்தெருவில் மரகதத்தை ‘ஏகையும் மாலையும் இருளொடு துறந்த’ என்கிறார் இளங்கோவடிகள். ஏகை என்றால் கீற்று. இருள் என்றால் கறுத்த மங்கல். பட்டறைக்காரர் மேலே சொன்ன உள்வெடிப்பும் கலங்கலும் இந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கின்றன.

நாவற்குழி

வண்ணை ஐயா, சொல் மேற்கிலிருந்து இங்கே வந்தது என்று எப்படி முடிவு? இங்கேயிருந்து அங்கே போயிருக்கலாமே. மயிலும் அரிசியும் போன வழிதானே.

வண்ணை வாசகன்

வேர் எந்த மொழியில் உயிரோடு நிற்கிறது என்று பாருங்கள். செமித்திய மொழிகளில் ப-ர-க் வினையாகவே நிற்கிறது. எபிரேயத்தில் பாராக் மின்னல், அரபியில் பர்க் மின்னல். வடமொழியில் மரகதத்துக்கு அப்படியொரு வினைவேர் கிடையாது, தமிழிலும் கிடையாது. பழைய எபிரேயப் பட்டியலில் பாரெக்கெத் ஏற்கெனவே இருக்கிறது. குருந்தம் போன சொல், மரகதம் வந்த சொல். இரண்டு பக்கமும் கப்பல் ஓடியிருக்கிறது.

சோனகத்தெரு நண்பன்

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு சிறு சேர்க்கை. அரபியில் மரகதத்துக்கு ஸுமுர்ருத் என்பது, அதுவும் அந்தக் கிரேக்கச் சொல்லின் வழிதான். ஆனால் திருக்குர்ஆனில் இச்சொல் இல்லை. 55:58இல் யாகூத்தும் (மாணிக்கம்) மர்ஜானும் (பவளம்). பச்சை அதே சூராவில் 55:76இல் சுவனத்துத் தலையணையின் நிறமாக வருகிறது, கல்லாக அல்ல. மேலே சொன்ன தீவின் பெயரான சபர்ஜத் என்பது அரபியில் பெரிடொட்டின் பெயர்.

சுண்டிக்குளிப் பிள்ளை

எல்லாருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். வெளிப்படுத்தின விசேஷத்தில சிங்காசனத்தைச் சுத்தின வானவில்லு ‘மரகதம்போல் தோன்றிற்று’ எண்டு இருக்கெல்லோ (4:3). அங்கையும் இதே குழப்பமோ? வானவில்லு ஏழு நிறம், அது எப்பிடிப் பச்சை?

இன்னுமொண்டு. எங்கட கையில இருக்கிற வேதம் நாவலர் செய்தது, அதால கல்லுப் பேரில பிழை வராது எண்டு ஒரு மாமா அடிச்சுச் சொல்லுறார்.

ஏட்டுச்சுவடி

மாமாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஆறுமுக நாவலர் உதவியோடு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சானது. அது நிலைக்கவில்லை. பரவலாகக் கையில் இருக்கிற பழைய வேதம் பவர் ஐயர் தலைமையில் முடிந்த 1871 ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழி வந்தது.

வெளிப்படுத்தலில் குழப்பம் குறைவு. அது கிரேக்கத்திலேயே எழுதப்பட்டது, முதலாம் நூற்றாண்டின் கடைசியில். உரோமர் எகிப்துச் சுரங்கத்தை நடத்திக்கொண்டிருந்த காலம். 4:3இலும் 21:19இன் நாலாம் அஸ்திபாரத்திலும் உண்மையான மரகதம் என்று கொள்வதில் தடையில்லை. அதே பட்டியலில் எட்டாவது ‘படிகப்பச்சை’, கிரேக்கத்தில் பெரில். இன்றைய கனிமவியலில் மரகதமும் பெரிலில் ஒரு வகைதான். இரண்டுக்கும் இயல்பு ஒன்றென்று பிளினியும் குறித்திருக்கிறான்.

வானவில் ஏன் பச்சை என்பதற்கு என் வாசிப்பு இது. பிளினியின்படி கண்ணுக்கு ஸ்மாரக்தொஸைப்போல இதமானது இல்லை, முத்திரை வெட்டுகிறவர்கள் களைத்த கண்ணை அதைப் பார்த்து ஆற்றுவார்கள். அதனால் அந்தக் கல்லில் எழுத்தோ உருவமோ வெட்டுவதில்லை என்று ஊரெல்லாம் ஒப்புக்கொண்டிருந்தது என்கிறான். சிங்காசனத்திலிருந்து மின்னலும் இடியும் புறப்படுகின்றன (4:5). அதைப் பார்க்கிற கண்ணுக்கு ஆறுதலாக ஒரு பச்சை வளையம். நோவாவின் வில்லும் அங்கே நினைவுக்கு வரும்.

ஆரோனின் கல்லில் பெயர் வெட்டியே ஆகவேண்டும், பிளினி சொல்லும் மரகதத்திலோ வெட்டுவதில்லை. இரண்டையும் ஒரே கல்லாக வைத்துப் பேசுகிற பிரசங்கம் இங்கேதான் இடறும்.

நாவற்குழி

மரகதம் யோவானுக்குரியது என்று சொல்கிறார்களே, அது வேதத்தில் எங்கே?

ஏட்டுச்சுவடி

வேதத்தில் இல்லை. செசரியாவின் அந்திரேயா என்ற ஆயர் வெளிப்படுத்தலுக்கு எழுதிய விளக்கத்தில் பன்னிரண்டு அஸ்திபாரத்தையும் அப்போஸ்தலருக்குப் பங்கிட்டார். மரகதம் எண்ணெயால் ஊட்டப்பட்டு ஒளி மாறாமல் இருக்கும், அதுபோல யோவான் பாவத்தால் சோர்ந்த ஆத்துமாவுக்குத் தெய்வீக எண்ணெய் வார்த்தார் என்பது அவருடைய பொருத்தம்.

கல்லுப்பட்டறை

பாத்தியளோ, ஆயருக்குக் கல்லு வேலை தெரிஞ்சிருக்கு! மரகதத்துக்கு எண்ணெய் விடுறது இண்டைக்கும் நடக்குது. வெடிப்பு மேற்பரப்புக்கு வாற இடத்தால நிறமில்லாத எண்ணெய், அனேகமா சீடர் மரத்து (தேவதாரு) எண்ணெய், உள்ளுக்குப் போகும். வெடிப்புக்குள்ள காத்து நிண்டா ஒளி திரும்பி வெள்ளைக் கீறாத் தெரியும். எண்ணெயின்ரை ஒளிவிலகல் கல்லுக்குக் கிட்ட எண்டதால கீறு மறையும். மோதிரத்தைச் சுடுதண்ணியில போட்டாலோ, அல்ட்ராசொனிக் பெட்டியில கழுவினாலோ எண்ணெய் வெளியேறி அடுத்த நாள் கல்லு வெளுத்துப் போகும். ‘கடைக்காரர் கல்லை மாத்திப்போட்டார்’ எண்டு சண்டை வாறது அனேகமா இதாலதான். வெதுவெதுப்பான தண்ணி, மெல்லிய சவர்க்காரம், மிருதுவான தூரிகை, அவ்வளவும் போதும். பத்தர் நகைக்கு நெருப்புப் பிடிக்கப் போறார் எண்டா முதலில கல்லைக் கழட்டவேணும்.

இலங்கைக் கல்லெண்டு ஆரும் மரகதம் நீட்டினா ஒருக்கா யோசியுங்கோ. இரத்தினபுரிப் பக்கம் வாற பச்சை பெரும்பாலும் பச்சை நிறத்தில வாற நீலக்கல்லு (சபயர்), துரமாலின், சிர்க்கன். துரமாலின் எண்ட பேரே சிங்களத் தோரமல்லிதான்.

சுண்டிக்குளிப் பிள்ளை

சரி, இப்ப செய்முறைக்கு வருவம். துணி, அளவு, கல்லு. பிள்ளையளுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ.

ஏட்டுச்சுவடி

துணி இரட்டையாக மடிக்கவேண்டும் (28:16). ஆகவே 23 × 46 செ.மீ வெட்டி நடுவில் மடியுங்கள், தையலுக்கு எல்லாப் பக்கமும் 1.5 செ.மீ கூடவிடுங்கள். மடிப்புக்குள்ளே ஊரீம் தும்மீம் (தேவசித்தம் அறியும் பொருட்கள்) வைக்கும் பை, அதனால் மேல்பக்கத்தைத் தைத்து மூடிவிடாதீர்கள். நூல் நிறம் பொன், இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு, வெள்ளைப் பஞ்சு. நாலு மூலைக்கும் நாலு பொன் வளையம். மேல் இரண்டிலும் பின்னல் சங்கிலி தோளுக்கு, கீழ் இரண்டிலும் இளநீல நாடா ஏபோத்துக்கு (ஆசாரியனின் மேலுடைக்கு). பலர் கீழே நாடாவை விட்டுவிடுவார்கள். பதக்கம் ஏபோத்தை விட்டு நீங்காதிருக்கத்தான் அந்த நாடா (28:28), விட்டால் குனியும்போது முன்னுக்குத் தொங்கும்.

ஓரம் 1.5 செ.மீ போக 20 × 20 மிஞ்சும். மூன்று நிரல், நாலு பத்தி. ஒவ்வொரு கட்டமும் அகலம் 6.6, உயரம் 5. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று வசனம் சொல்லவில்லை. எபிரேயர் வலமிருந்து எழுதியவர்கள், ஆகவே பார்ப்பவரின் வலப்பக்கத்திலிருந்து தொடங்குவது என் தெரிவு. பெயர்களும் அப்படித்தான். பிறந்த வரிசை தோள் கல்லுக்கே சொல்லப்பட்டது (28:10), பதக்கத்துக்கு அதைப் பொருத்துவது மரபு.

கல்லுப்பட்டறை

பட்டை தீட்டின கண்ணாடிக் கல்லு வாங்காதேங்கோ, அது பிந்தின காலத்து வேலை. மேல குமிழா உரைச்ச, முகம் வெட்டாத கல்லு வேணும். வெளிச்சம் ஊடுருவிற கண்ணாடிக்குப் பின்னால துணி நிறம் தெரிஞ்சு பச்சை கறுத்துப் போகும். ஒளி புகாத கல்லெண்டா அந்தப் பிரச்சினை இல்லை. இல்லாட்டிக் குழிக்குள்ள முதலில வெள்ளித்தாள் ஒட்டிப்போட்டுக் கல்லை வையுங்கோ.

பசை துணியில நேர ஊத்தினா ஊறி மறுபக்கம் கறை பிடிக்கும். மட்டையில குழி வெட்டி, தங்கத்தாள் சுத்தி, அதுக்குள்ள கல்லை ஒட்டி, மட்டையைத் துணியில தையுங்கோ. பன்னிரண்டு கல்லும் மட்டையும் சேர்ந்து கால் கிலோவைத் தாண்டினா துணி தொய்யும். உள்ளுக்கு ஒரு கனத்த துணியும் வைச்சுத் தையுங்கோ.

பச்சைக்கு என்ரை சொல்லு: இரண்டாவது மஞ்சள் கலந்த பச்சை, பெரிடொட் மாதிரி. மூண்டாவது தடித்த பச்சை, அமசோனைட் இல்லாட்டிப் பச்சை யஸ்பி. நாலாவது டர்க்குவாய்ஸ்.

வண்ணை வாசகன்

நாலாவதில் ‘மரகதம்’ என்று வேதத்தில் வாசித்து வருகிற பெரியவர்கள் கண்காட்சியில் நீலப்பச்சைக் கல்லைக் கண்டு சண்டைக்கு வருவார்களே. கீழே ஒரு சீட்டு வையுங்கள். ஒவ்வொரு குழிக்கும் மூன்று வரி: எபிரேயப் பெயர், தமிழ் வேதத்தின் பெயர், வைத்திருக்கும் கல். மூன்றாம் குழிக்கு ‘பாரெக்கெத், மாணிக்கம், அமசோனைட்’. நாலாம் குழிக்கு ‘நோபெக், மரகதம், டர்க்குவாய்ஸ்’.

கொழும்புத்துறையான்

புதன் தசைக்கு மரகதம் சுண்டுவிரலில போடச் சொல்லியிருக்கினம். அமசோனைட் போட்டாலும் பலன் உண்டோ?

கல்லுப்பட்டறை

அதைச் சாத்திரியாரிட்டைக் கேளுங்கோ தம்பி. எப்பிடியும் மோதிரத்துக்கு அமசோனைட் மெலிவு, ஒரு வரியத்தில கீறல் விழுந்து மங்கிப்போகும்.

சுண்டிக்குளிப் பிள்ளை

சீட்டு நல்ல யோசினை ஐயா. துணி நாளைக்கு வெட்டுறம். கல்லு கிடைச்ச உடன படம் போடுறன்.